செஞ்சிக்கு முன்னால் ஏழரை ஆண்டுகள்: முகலாயப் பேரரசின் ஒரு முற்றுகை

1690-ஆம் ஆண்டு செப்டம்பரில் சுல்பிகார் கான் செஞ்சிக்கு எதிரே கூடாரம் அடித்தபோது, முகலாயப் பேரரசு தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய பரப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. பீஜப்பூர் 1686-லும் கோல்கொண்டா 1687-லும் விழுந்துவிட்டன. மராட்டிய மன்னர் சம்பாஜி 1689 மார்ச்சில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ராய்கட் கோட்டையும் பிடிபட்டது. சம்பாஜியின் மனைவி யேசுபாயும் மகன் ஷாஹுவும் பேரரசரின் முகாமுக்குக் கைதிகளாக வந்து சேர்ந்தார்கள். ராய்கட்டைப் பிடித்த தளபதிக்குப் பேரரசர் ஔரங்கசீப் அளித்த பட்டம்தான் 'சுல்பிகார் கான்'. தக்காணத்தில் இனி எஞ்சியிருப்பது தப்பி ஓடிய ஓர் இளைஞர் மட்டுமே என்று முகாமில் இருந்தவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. அந்த இளைஞரைத் தேடித்தான் அவர் தெற்கே அனுப்பப்பட்டார். கோட்டை 1698-இன் தொடக்கத்தில்தான் அவர் கைக்கு வந்தது. தேடி வந்தவர் அப்போது அதற்குள் இல்லை.

இந்த ஏழரை ஆண்டுகளுக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. கோட்டை அவ்வளவு வலிமையானது என்பது ஒன்று. தளபதி விலைபோய்விட்டார் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாக வைத்துப் பார்க்கும்போது, இவ்விரண்டுக்கும் அடியில் வேறொரு கேள்வி கிடப்பது தெரிகிறது. முற்றுகை தொடங்கியபோது பேரரசருக்கு வயது எழுபத்திரண்டை நெருங்கியிருந்தது. அவருக்குப் பின் அரியணை யாருக்கு என்று சொல்லும் விதி எதுவும் முகலாய அரசில் இல்லை. செஞ்சியில் இருந்த ஒவ்வொரு முகலாயத் தலைவரும் மலையை ஒரு கண்ணாலும், கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பேரரசரின் முகாமை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டே போரிட்டார்கள் என்பதே என் வாசிப்பு.

தப்பி ஓடிய இளைஞர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். வயது இருபது. அவர் செஞ்சியைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. 1677-இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது பீஜப்பூர் அதிகாரிகளிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றி, பழைய மதில்களை இடித்தும் புதியவற்றை எழுப்பியும் அதைத் தன் தெற்குத் தலைமையிடமாக்கியிருந்தார். மராட்டிய நாட்டில் நிற்க இடமில்லாமல் போகும் நாளுக்கென ஒதுக்கி வைத்த இடம் போல அது பயன்பட்டது. மராட்டிய நாட்டின் பன்ஹாளா கோட்டையிலிருந்து சிறு குழுவோடு மாறுவேடத்தில் புறப்பட்ட ராஜாராம், கெளதி அரசி சென்னம்மாவின் உதவியோடு அவருடைய நாட்டைக் கடந்து, வேலூர் வழியாகச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அந்த உதவிக்காகச் சென்னம்மாவின் நாடும் முகலாயப் படையெடுப்பைச் சந்தித்தது. நாட்டைக் காக்கும் பொறுப்பு மகாராஷ்டிரத்தில் ராமச்சந்திர பந்த் அமாத்தியரிடம் விடப்பட்டது. செஞ்சியில் பிரகலாத் நிராஜி ராஜாராமின் முதன்மை ஆலோசகரானார். ஓர் அரசு தன் மலைநாட்டை இழந்து, எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேற்றுமொழி பேசும் மண்ணில் தன்னைத் திரும்ப நிறுவிக்கொண்டது.

கோட்டையின் அமைப்பை நேரில் பார்த்தவர்களுக்கு முற்றுகையின் முதல் சிக்கல் உடனே விளங்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதில் முக்கோணமாக இணைக்கிறது. அதன் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ராஜகிரியின் உச்சி தரையிலிருந்து 240 மீட்டர் அளவுக்கு நிமிர்ந்து நிற்கிறது. படிகளில் ஏறி மூச்சு வாங்க உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அகலம் 20 அடிக்கு மேல், ஆழம் 60 அடி. இன்று அதைக் கடக்கப் பாலம் இருக்கிறது. அன்று அது தூக்குப்பாலம். பாலத்தைத் தூக்கிவிட்டால், இந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் அந்தப் பக்கம் ஒரு சிறு காவற்படை போதும். உள்ளே நெற்களஞ்சியங்கள் உண்டு. வற்றாத சுனை உண்டு. ஆகவே பட்டினி போட்டுப் பணிய வைப்பதுதான் வழி என்றால், 13 கிலோமீட்டர் வளையத்தையும் இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். சுல்பிகார் கானிடம் அதற்கு ஆள் இல்லை. வந்த சில மாதங்களில் அவர் செய்ததெல்லாம் ஒன்றிரண்டு வாயில்களுக்கு எதிரே அகழிகளும் பீரங்கி மேடுகளும் அமைத்ததே. மற்றப் பக்கங்களில் உள்ளே இருந்தவர்கள் வெளியே போனார்கள், வெளியே இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள், நெல்லும் வந்தது.

ஆள் குறைவுக்கு அடுத்தது பணம். முகலாயப் படைத்தலைவர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் ரொக்கமாக வராது. இன்ன ஊர்களின் வரியை நீயே வசூலித்துக்கொண்டு, இத்தனை குதிரை வீரர்களை வைத்துக்கொள் என்று ஜாகீர் எழுதித் தருவார்கள். அமைதியான நாட்டில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. கர்நாடகத்தில் (அன்று கிருஷ்ணைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சமவெளிக்கு அந்தப் பெயர்தான் வழங்கியது) அது காகித வரவாக நின்றது. ஓர் ஊருக்குப் பேரரசரின் பெயரால் ஓர் அதிகாரியும் ராஜாராமின் பெயரால் இன்னொருவரும் வரி கேட்டு வந்தார்கள். இருவருக்கும் கொடுத்துத் தீராத குடியானவன் ஊரைவிட்டுப் போனான். பாளையக்காரர்கள் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்த்து நடந்துகொண்டார்கள். வரி வராத தலைவரிடம் வீரன் எத்தனை மாதம் சம்பளம் இல்லாமல் நிற்பான்? சுல்பிகார் கான் பணத்துக்கும் வெடிமருந்துக்கும் சென்னை ஆங்கிலேயரை அணுகியதும், படையை முற்றுகையிலிருந்து எடுத்துத் தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பியதும் இந்த நெருக்கடியால்தான். தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஹாஜி 1694-இல் திறை கட்ட ஒப்புக்கொண்டார். மதுரையில் பேரனுக்காக ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாள் போருக்கே இடமளிக்காமல் திறை அனுப்பிச் சமாளித்தார். அந்தக் காலத்தில் தமிழகத்தில் எடுக்கப்பட்ட அரசியல் முடிவுகளுள் அதுவே மிகத் தெளிவானது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடற்கரையில் இருந்த ஐரோப்பியக் கம்பெனிகள் இரு தரப்பிலும் லாபம் பார்த்தன. பணமில்லாத ராஜாராம் 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை எலிஹு யேல் தலைமையிலான சென்னை ஆங்கிலேயருக்கு விற்றார். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலமும் விற்பனையில் சேர்த்தி. ஆங்கிலேயர் தங்களிடம் இருந்தவற்றுள் நெடுந்தூரம் பாயும் பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டார்கள். அப்படி வளைக்கப்பட்ட கடலூர்ப் பகுதி ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. செயின்ட் டேவிட் கோட்டையின் தொடக்கம் இதுதான். 1693-இல் டச்சுக்காரர்கள் பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தபோதும், அதற்கான உரிமையை ராஜாராமிடம் விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். முகலாயர் பக்கத்திலிருந்தும் கம்பெனிக்கு வரவு வந்தது: அதே 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்கள் முகலாய வசீரின் (தலைமை அமைச்சரின்) ஆணையால் ஆங்கிலேயருக்குக் கிடைத்தன. முற்றுகையிட்டவர், முற்றுகைக்குள் இருந்தவர் ஆகிய இருவரிடமிருந்தும் நிலம் பெற்றவர்கள் ஆங்கிலேயர் மட்டுமே.

1691-இன் இறுதியில் பேரரசர் துணைப்படை அனுப்பினார். அதனோடு வந்தவர்கள் இருவர். ஒருவர் பேரரசின் வசீரும் சுல்பிகார் கானின் தந்தையுமான அசத் கான். மற்றவர் ஔரங்கசீப்பின் கடைசி மகனான இளவரசர் காம் பக்ஷ், வயது இருபத்து நான்கு. பெயரளவில் தலைமை இளவரசருக்கு. படையும் பணமும் தந்தைக்கும் மகனுக்கும். முற்றுகையின் நடு ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இந்த மூவரையும் ஒரே முகாமில் வைத்துப் பார்த்தாலே போதும்.

1692-இன் மழைக்காலம் கடுமையாக இருந்தது. முகாமில் தல்பத் ராவ் புந்தேலா என்ற படைத்தலைவரின் எழுத்தராகப் பணியாற்றிய பீம்சேன் தன் நினைவுக் குறிப்புகளில், சுற்றுப்புறம் முழுவதும் ஏரி போலக் கிடந்ததையும், தானியம் கிடைக்காமல் விலை ஏறியதையும், வீரர்கள் இரவு பகலாக அகழிகளிலேயே கிடந்ததையும் எழுதியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழையில் செஞ்சி வட்டாரத்தின் ஏரிகள் நிரம்பி, வரப்புகளும் வண்டிப் பாதைகளும் நீருக்குள் போவதைப் பார்த்தவர்களுக்கு இது மிகைப்படுத்தலாகத் தெரியாது. வடக்கிலிருந்து வந்த படைக்குத் தானியம் சுமந்து வந்தவர்கள் எருதுப் பொதிகளோடு நடந்த பஞ்சாராக்கள். எருது நடக்க முடியாத மாதங்களில் படை பட்டினி கிடந்தது.

அந்த டிசம்பரில் மேற்கிலிருந்து மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் ஏறக்குறைய 30,000 குதிரை வீரர்களோடு சமவெளியில் இறங்கினார்கள். காஞ்சிபுரத்து முகலாய பவுஜ்தார் (வட்டாரப் படை அதிகாரி) அலி மர்தான் கான் எதிரியின் அளவை அறியாமல் எதிர்கொள்ளப் போய், தன் யானைகளோடும் பொருள்களோடும் சிறைப்பட்டார். மீட்புத்தொகை கட்டியே விடுபட்டார். வளைத்தவர்கள் வளைக்கப்பட்டார்கள். முன்னால் கோட்டை, பின்னால் மராட்டியக் குதிரைப்படை. பேரரசரின் முகாமிலிருந்து கடிதம் வருவதும் நின்றது.

கடிதம் நின்றதும் முகாமை நிரப்பியது வதந்தி. பேரரசர் இறந்துவிட்டார் என்று பேச்சு எழுந்தது. காம் பக்ஷின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். தந்தை உண்மையிலேயே இறந்திருந்தால், வசீரும் அவர் மகனும் மூத்த இளவரசர் எவரையாவது ஆதரிப்பார்கள்; அப்போது தன் தலையையே அவருக்குக் காணிக்கையாக அனுப்பக்கூடும். அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஆள மற்றவர்கள் மடிவதுதான் அந்தக் குடும்பத்தின் வழக்கம். அதே வழியில் அரியணை ஏறியவர்தான் அவருடைய தந்தையும். காம் பக்ஷ் ராஜாராமோடு இரகசியமாகத் தொடர்பு கொண்டார். தன் குடும்பத்தோடு இரவில் கோட்டைக்குள் போய்விட்டு, மராட்டியர் துணையோடு தில்லிக்கு வழி தேடுவது என்பதே அவருடைய திட்டம் என்று வசீரின் ஒற்றர்கள் சொன்னார்கள். முற்றுகையிட வந்த பேரரசரின் மகன், முற்றுகைக்கு உள்ளே அடைக்கலம் தேடினார்.

அசத் கானும் சுல்பிகார் கானும் மற்றத் தலைவர்களும் கூடிப் பேசி முதலில் அகழிகளில் இருந்த படையைப் பின்முகாமுக்கு இழுத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். நகர்த்த முடியாத பெரும் பீரங்கிகளின் திரித்துளையில் ஆணி அடித்து, எதிரிக்கும் பயன்படாமல் செய்துவிட்டுப் பின்வாங்கினார்கள். மாதக்கணக்கில் மாடுகட்டி இழுத்து வந்து மேடேற்றிய பீரங்கிகள் அவை. கோட்டையிலிருந்து இதைப் பார்த்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து தாக்கினார்கள். விலகுவதற்குள் சிக்கிக்கொண்ட இஸ்மாயில் கான் மக்கா என்னும் தலைவர் சிறைப்பட்டார். பின்வாங்கி முகாமை அடைந்ததும் வசீரும் மகனும் இளவரசரின் கூடாரத்துக்குள் நுழைந்து அவரைக் கைது செய்தார்கள். பேரரசரின் மகன் மீது, பேரரசரின் ஆணை இல்லாமல் கை வைப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

தானியம் தீர்ந்தது. சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் போய்த் தானியம் திரட்டிக்கொண்டு திரும்பும்போது, தேசூர் அருகே சந்தாஜி வழிமறித்தார். தல்பத் ராவின் புந்தேலாக்கள் நின்று போரிட்டதால் தானியத்தில் ஒரு பகுதி முகாம் சேர்ந்தது, அது போதவில்லை. இறுதியில் அசத் கான் ராஜாராமோடு பேசி, பணம் கொடுத்து வழி வாங்கினார். 1693 ஜனவரியில் முகலாயப் படை வந்தவாசிக்கு விலகியது. பாரத்தைச் சுமக்க விலங்குகள் இல்லாததால் ஏராளமான பொருள்கள் வழியில் கைவிடப்பட்டன. பேரரசின் தலைமை அமைச்சர், பேரரசரின் எதிரிக்குப் பணம் கொடுத்து உயிரோடு நகர்ந்தார் என்பதைவிடச் சுருக்கமாக அந்த ஆண்டைச் சொல்ல முடியாது. காம் பக்ஷ் காவலோடு கொண்டுபோகப்பட்டு, அந்த ஆண்டின் நடுவில் கல்கலா முகாமில் தந்தையின் முன் நிறுத்தப்பட்டார். அவருக்காகப் பரிந்து பேசியவர் அக்காள் ஜீனத்துன்னிசா. இளவரசரும் மன்னிக்கப்பட்டார், அவரைக் கைது செய்தவர்களும் தப்பினார்கள். எழுபதைத் தாண்டிய பேரரசருக்கு மகனும் தேவைப்பட்டார், வசீரும் தேவைப்பட்டார்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் முற்றுகை பெயரளவில்தான் நடந்தது. சுல்பிகார் கான் அவ்வப்போது செஞ்சியை நெருங்குவார். பிறகு வந்தவாசிக்கோ ஆர்க்காட்டுக்கோ திரும்புவார். இதற்கிடையில் சந்தாஜி 1695-இல் இன்றைய சித்திரதுர்க்கம் வட்டாரத்திலுள்ள தொட்டேரியில் முகலாயத் தளபதி காசிம் கானின் படையை முற்றாக அழித்தார். ஆனால் சந்தாஜிக்கும் ராஜாராமுக்கும் இடையே பிணக்கு முற்றியது. சந்தாஜிக்கும் தனாஜிக்கும் இடையே பகை வெளிப்பட்டது. 1697-இல் சந்தாஜி கொல்லப்பட்டபோது செஞ்சிக்கு வெளியே இருந்த மிகக் கூரிய வாள் இல்லாமல் போனது.

சுல்பிகார் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்னும் குற்றச்சாட்டுக்கு இங்கே வர வேண்டும். அதைச் சொல்பவர்கள் அடிவருடிகளோ எதிரிகளோ மட்டும் அல்லர். அவர் படையில் இருந்த பீம்சேனே சொல்கிறார். பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுத் தலைவர் பிரான்சுவா மார்த்தேனின் குறிப்புகளிலும் சுல்பிகார் கானுக்கும் ராஜாராமுக்கும் இடையே உடன்பாடு இருந்தது என்னும் செய்தி உண்டு. பேரரசர் இன்றோ நாளையோ இறப்பார். அரியணைப் போர் மூளும். அந்த நேரத்தில் தன் கையில் ஒரு படையும் தெற்கில் ஒரு நிலப்பரப்பும் இருக்க வேண்டும். மராட்டியர் பகைவராக இருப்பதைவிட நண்பராக இருப்பது நல்லது. சுல்பிகார் கானின் கணக்கு இதுதான் என்பது அவர்கள் ஊகம். முற்றுகை முடிந்தால் படை கலைக்கப்படும் அல்லது வேறிடம் அனுப்பப்படும். முடியாத முற்றுகைதான் அவருக்குப் பதவி.

இதை முழுத் துரோகம் என்று எழுதிவிட எனக்குத் தயக்கம் உண்டு. 1690-லும் 1692-லும் அவரால் கோட்டையைப் பிடித்திருக்க முடியாது என்பதை அகழிகளே சொல்கின்றன. ஆனால் 1697-இன் கடைசி மாதங்களில் நடந்தவை குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்க்கின்றன. பேரரசரின் பொறுமை தீர்ந்ததும் முற்றுகை மீண்டும் இறுக்கப்பட்டது. முகலாயத் தளபதி தாவூத் கான் பன்னி தென்பக்கத்திலிருந்த ஒரு குன்றுக் கோட்டையை மதிலேறிக் குதித்து ஒரே நாளில் பிடித்தார். விரும்பினால் ஒரு நாளில் ஆகக்கூடிய வேலைதான் இது என்று பீம்சேன் குத்திக்காட்டுவதும் இந்த இடத்தில்தான்.

பிறகு எல்லாம் விரைந்தது. ஆனால் கடைசித் தாக்குதலுக்கு முன்பே ராஜாராம் வெளியேறிவிட்டார். முகலாயர் பக்கம் இருந்த அவருடைய உறவினர் கணோஜி சிர்க்கே வழி விட்டதாகவும், அதற்கு ஈடாக ஒரு மராட்டியத் தலைவர் தன் பரம்பரை உரிமையையே அவருக்கு எழுதிக் கொடுத்ததாகவும் மராட்டிய மரபு சொல்கிறது. வேலூர் வழியாக அவர் விசால்கட் போய்ச் சேர்ந்தார். தல்பத் ராவின் ஆட்கள் கிருஷ்ணகிரியில் ஏறினார்கள். ராஜகிரியில் இருந்தவர்கள் பணிந்தார்கள். ராஜாராமின் மனைவியரும் குழந்தைகளும் கைதானார்கள். சுல்பிகார் கானுக்கு 'நுஸ்ரத் ஜங்' என்ற பட்டமும், செஞ்சிக்கு 'நுஸ்ரத்கட்' என்ற பெயரும் கிடைத்தன. பட்டம் நிலைத்தது. பெயர் ஊர்க்காரர் வாயில் ஏறவே இல்லை.

ராஜாராம் 1700-இல் சிங்ககட்டில் இறந்தார். அவர் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தார். ஔரங்கசீப் 1707-இல் அகமதுநகரில் இறந்தார். எல்லோரும் பதினேழு ஆண்டுகளாகக் காத்திருந்த அரியணைப் போர் வந்தது. 1709 ஜனவரியில் ஐதராபாத் அருகே அண்ணன் பகதூர் ஷாவின் படையோடு மோதிய காம் பக்ஷ் காயங்களால் இறந்தார். எதிர்ப்படையின் தலைவர்களுள் ஒருவர், செஞ்சியில் அவரைக் கைது செய்த அதே சுல்பிகார் கான். 1712-இல் ஜகாந்தர் ஷாவை அரியணையில் ஏற்றித் தானே வசீரான சுல்பிகார் கானின் கணக்கு ஓராண்டுக்கே பலித்தது. 1713 பிப்ரவரியில், ஜகாந்தர் ஷாவை வென்று அரியணையேறிய பரூக்சியரின் ஆணைப்படி அவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். பரூக்சியரிடம் சரணடையச் சொன்னவர் அவருடைய முதிய தந்தை அசத் கான்.

செஞ்சியை ஸ்வரூப் சிங் என்னும் புந்தேலத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு, நவாபுகள் ஆர்க்காட்டைத் தலைநகராக்கிக்கொண்டார்கள். ஸ்வரூப் சிங் இறந்ததும் அவர் மகன் தேஜ் சிங்கிடம் நவாப் சாதத்துல்லா கான் நிலுவை வரி கேட்டார். பேரரசரின் நவாபுக்கும் பேரரசரின் கோட்டைத் தலைவரின் மகனுக்கும் இடையே 1714 அக்டோபரில் சண்டை மூண்டு, இருபத்திரண்டு வயது தேஜ் சிங் மாண்டார். அவர்தான் தேசிங்கு ராஜன். பத்து மாதமே ஆண்ட அந்த இளைஞருக்கும் அவருடைய நண்பர் மொகபத் கானுக்கும் குதிரைக்கும் தமிழில் கதைப்பாட்டு இருக்கிறது. அதே மலையடியில் மழையில் நனைந்தும் பசித்தும் ஏழரை ஆண்டுகள் கிடந்த படையைப் பற்றி எந்தப் பாட்டும் நம் ஊர்களில் பாடிக் கேட்டதில்லை.